ஆறு மாதம் மூடிய கடல்

என் வாழ்க்கையில் கிடைத்த முதல் உத்தியோகம் கடலுக்குக் காவல். அப்போது ஐந்தாம் வகுப்பு. சம்பளம் கிடையாது, ஒரு விசிலும், தலைக்குப் பெரிதான ஒரு பச்சைத் தொப்பியும் தந்தார்கள். தொப்பி அடிக்கடி கண்ணை மறைத்தது. ஆனாலும் சாப்பிடும்போதுகூட நான் அதைக் கழற்றியதில்லை.

எங்கள் ஊர் பேசாலைக்கு மேற்கே, தீவின் வடகரையில் இருக்கிறது. கரையிலிருந்து வெகுதூரத்துக்கு இடுப்பளவுத் தண்ணீர்தான், அடியில் முழுக்கக் கடற்புல். அந்தப் புல்லுக்குள்தான் நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்கின்றன என்று கொழும்பிலிருந்து வந்த திட்டக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் படம் காட்டிச் சொன்னார்கள். வருடா வருடம் நண்டு குறைந்துகொண்டு வந்ததும் உண்மைதான். ஆகவே கடற்றொழில் சங்கம் கூடி, புல் முடிகிற இடத்தில் வரிசையாகக் கம்பு நட்டு, அதற்கு உட்பட்ட கடலை ஆறு மாதம் மூடுவதென்று தீர்மானித்தது.

எங்கள் ஆட்கள் கடதாசியில் வைத்த கையெழுத்தை மீறுவார்கள். புனிதரின் சுரூபத்தில் கை வைத்துவிட்டால் மீறமாட்டார்கள். அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தோனியார் சுரூபத்தைக் கரைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். இஞ்சின் படகை நாங்கள் போட்டு என்போம்; போட்டு உள்ளவர்கள் எல்லோரும் வரவேண்டும் என்று கோயிலில் அறிவிப்பு வாசித்திருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து, ஒரு கையைச் சுரூபத்தின் பாதத்திலும் மறு கையைத் தன் போட்டின் முன்முனையான அணியத்திலும் வைத்துச் சத்தியம் பண்ணினார்கள். சங்கத் தலைவரான மாமா, அம்மாவின் அண்ணன், முதலாவது. அப்பா இரண்டாவது. எனக்குப் புல்லரித்தது.

மூன்று வாரமாக ஒரு போட்டும் கம்பைத் தாண்டவில்லை. கம்புக்கு வெளியே, கம்போடு ஒட்டி வரிசையாக வலை போட்டார்களே தவிர, உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போனால் இஞ்சின் காற்றாடியில் புல் சுற்றும் என்பதால் முன்னரும் அவர்கள் அந்தப் பக்கம் போனதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த ஒழுங்கைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. எனக்கிருந்த ஒரே குறை, விசில் ஊத ஆள் கிடைக்கவில்லை என்பதுதான்.

ஒருநாள் பின்னேரம், தண்ணீர் நன்றாக வற்றியிருந்த நேரத்தில், ஆள் கிடைத்தது. முழங்காலளவுத் தண்ணீரில், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, காலால் புல்லைத் தடவித் தடவி ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்து ஊதினேன். திரும்பினால், என் சின்னம்மா. அம்மாவின் தங்கை. சண்டையின் கடைசி மாதங்களில் சித்தப்பா காணாமல் போனபிறகு, கையால் பிடிக்கிற நண்டிலும் தோண்டியெடுக்கிற மட்டியிலும்தான் அவவும் அவவின் மகளான என் தங்கச்சியும் சீவித்தார்கள்.

"ஊதாதையடி, நண்டு கலையுது" என்று சிரித்தா.

"இது மூடின கடல், சின்னம்மா!"

"கடலுக்கு ஆர் கதவு போட்டது? உன்ர கொப்பரோ?"

"எல்லாரும் அந்தோனியாரில கை வைச்சுச் சத்தியம் பண்ணினவை."

"நான் பண்ணேல்லையே. போட்டு உள்ளாக்களைத்தானே கூப்பிட்டவை. என்னட்ட இருக்கிறது ரெண்டு கால்."

என்ன கள்ள நியாயம் என்று நினைத்தேன். பேசிக்கொண்டே குனிந்து ஒரு நண்டைப் பிடித்தா. மல்லாத்தி வயிற்றைப் பார்த்தா. மஞ்சளாகச் சினை அப்பியிருந்தது. உடனே அதைத் தூர எறிந்தா. அடுத்ததும் அப்படித்தான், மல்லாத்தல், பார்வை, எறிதல். சினை நண்டைத் திருப்பி விடவேண்டும் என்பதை நான் படத்தில் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன், பேச்சுப் போட்டியில் சொல்லிப் பரிசும் வாங்கியிருந்தேன். கண்முன்னே நடந்தபோது எனக்குத் தோன்றியது வேறு: சாட்சியை ஒழிக்கிறா!

"வீட்டில சொல்லிப்போடாதை, என்ர ராசாத்தி. உனக்கும் ஒரு பெரிய நண்டு தாறன்."

லஞ்சம் வேறு. நான் ஒரே ஓட்டமாக மாமாவிடம் ஓடினேன்.

அடுத்த நாள் காலை சங்கக் கொட்டிலில் சின்னம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். என்னையும் முன்வரிசையில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். கால் நிலத்தில் முட்டவில்லை.

"கூடப்பிறந்தவள் எண்டு பார்க்கேலாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்" என்றார் மாமா.

"ஓம் அண்ணை, ஒண்டுதான். ஆனா உங்கட போட்டு வெளியில ஓடுது. எனக்குக் கழுத்தளவுக்கு அங்கால கடல் இல்லை. இந்த ஆறு மாசமும் நானும் பிள்ளையும் என்னத்தைத் தின்னுறது எண்டு ஆராவது கேட்டனிங்களோ?"

பின்னாலிருந்து ஒருவர், "அப்ப இவவின்ர காலுக்கும் ஒரு பதிவு நம்பர் அடிச்சுக் குடுங்கோவன்" என்றார். கொட்டில் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அப்பா மட்டும் தணிந்த குரலில், "கருவாட்டு வாடியில ஆள் கேக்கினம். போய்ப் பாரும்" என்றார்.

"வாடியில உலர்த்த மீன் இருக்கிற நாளில கூப்பிடுவினம், அத்தான். மற்ற நாள்?"

சுரூபத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரு கையை அதன் பாதத்தில் வைத்தா. மறு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருகணம் தடுமாறி, தன் வயிற்றில் வைத்துக்கொண்டா. அன்றைக்குப் பண்ணிய சத்தியத்தை அவ மீறவேயில்லை.

ஆறு மாதம் முடிந்து கம்புகளைப் பிடுங்கிய காலையில் நண்டு கொள்ளையாக இருந்தது. திட்டம் பலித்துவிட்டது. போட்டுக்காரர்கள் இஞ்சினைத் தூக்கிக் கட்டி, மரக்கோலை ஊன்றித் தள்ளி உள்ளே வந்து, கரைவரைக்கும் வலை விரித்தார்கள். அதைச் சத்தியம் தடுக்கவில்லை, கடல்தான் திறந்தாயிற்றே. சின்னம்மா சாக்கோடு இறங்கியபோது கால் வைக்க இடமில்லாமல் வலை. ஒரு வலையில் அவவின் கால் சிக்கியபோது, வலை கிழியப்போகிறது என்று ஒருவர் கத்தினார். கிழிந்தால் நட்டம் என் அப்பாவுக்குத்தான். கத்தியவரும் அவர்தான்.

போன வருடம் அந்தத் திட்டத்தின் அறிக்கையைப் பல்கலைக்கழக நூலகத்தில் தற்செயலாகப் பார்த்தேன். இப்போது நான் படிப்பதும் கடற்றொழிலைப் பற்றித்தான். எங்கள் ஊர் முன்மாதிரிக் கிராமமாம். பயனடைந்தோர் என்ற தலைப்பின் கீழ் போட்டுகள் இருந்தன, வலைகள் இருந்தன, தொப்பியோடு நானும் ஒரு படத்தில் இருந்தேன். நடந்து போய்ப் பிடிக்கிறவர்கள் என்று ஒரு வகை ஆட்கள் அந்தக் கரையில் இருந்ததற்கு ஒரு சொல்கூட இல்லை.

கடல் திறந்து இரண்டாம் மாதம் சின்னம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனா. விடிய வான் வந்தது. தங்கச்சியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, ஏறிப் போனா. அன்றைக்கு மத்தியானம் அம்மா நண்டுக்கறி வைத்தா. அப்பாவின் வலையில் வந்த, உள்ளங்கையைவிடப் பெரிய நண்டுகள். நான் ஒரு காலைக் கடித்து உடைத்தபடி, இவ்வளவு பெரிய நண்டு வந்ததே நான் காவல் இருந்ததால்தான் என்று தங்கச்சிக்கு விளக்கமாகச் சொன்னேன். அவள் தன் சோற்றுக் கோப்பையின் ஓரத்துக்கு நண்டை ஒதுக்கி வைத்தாள். அவளுக்கு நண்டு பிடிக்காது போல என்று நினைத்து, அவளுடைய பங்கையும் நானே எடுத்துத் தின்றேன்.