நாக்கில் நின்ற கசப்பு

ஆரோக்கியராஜ் போய்விட்டார் என்று தொலைபேசியில் கேட்டபோது என் நாக்கில் வேப்பங்கசப்பு இருந்தது. மீன் தீவனத்தை ருசி பார்த்துக்கொண்டிருந்தேன். மாரடைப்பாம். துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். இனி நான் தப்பு செய்தால் யாரைக் கூப்பிடுவேன்?

அவரை அறிந்தவர்களுக்கு இது தெரியும். வேப்பிலையையும் கீழாநெல்லியையும் காய்ச்சிச் சாறெடுத்து, குளத்து மீன்களுக்கு நோய் வராமலிருக்கத் தீவனத்தில் கலப்பதுதான் எங்கள் இருவரின் வேலை. ஓர் உருண்டையை வாயில் போட்டு மெல்லாமல் எந்தக் குளத்துக்கும் அவர் தீவனம் அனுப்பியதில்லை. "தண்ணி குடிச்சும் கசப்பு நின்னுச்சுன்னா சாறு ஜாஸ்தி மச்சான்" என்பார். "உனக்குச் செதில் மொளைக்கப் போவுது" என்று கிண்டல் செய்வேன்.

அப்போது சுனாமி வந்து மூன்று வருடம் இருக்கும். அவர் கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சிதம்பரம் பக்கத்தில் கலியமூர்த்தி மாமாவின் குளத்துக்கு நான்தான் தீவனம் கலந்தேன். இருந்த ஒரே வயலை வெட்டிக் குளமாக்கியிருந்தார் மாமா. ஒரே மாதிரி இரண்டு கேன்கள். ஒன்றில் தண்ணீர் சேர்த்த சாறு, மற்றதில் சேர்க்காத சாறு. மாற்றி எடுத்துவிட்டேன். கேட்க ஆளில்லையே என்று ருசியும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. கடலூருக்குப் போன் போட்டு ஆரோக்கியராஜைக் கூப்பிட்டேன். கல்யாணச் சட்டையோடு பஸ் பிடித்து வந்து இறங்கினார்.

"எத்தினி வேளை போட்ட?"

"ஒரு வேளைதான்" என்றேன். இரண்டு வேளை போட்டிருந்தேன்.

என் பேச்சை நம்பிக் கொஞ்சம் தண்ணீர்தான் மாற்றினார். மதியம் கெண்டைகள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. மாமா அவற்றைப் பொறுக்கிக் கரையில் போட்டார். அதைப் பார்த்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன். ஆரோக்கியராஜ் திட்டவில்லை, மோட்டாரை மறுபடி ஓட்டினார். பாதிக் குளத்தை இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டோம். பாதி மீன் பிழைத்தது. "தப்பு எங்களோடதுதான் மாமா" என்று அவரே போய்ச் சொன்னார். எங்களுடையதாம்! எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் சொன்னார்: "பயப்படு மச்சான், வேணாங்கல. ஆனா பயத்தக் காலையிலயே சொல்லிடு. மத்தியானம் வரைக்கும் வச்சிருந்தா மீன் செத்துப்பூடும்."

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தப் பயம்தான். செய்தி வந்த அன்று உருண்டையைத் துப்பிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். கசப்பு போகவில்லை. சாறு கூடிவிட்டதா, என் வாய்தான் கசந்ததா என்று தெரியவில்லை. தீவனத்துக்குக் காத்திருந்த பண்ணைக்காரரைப் போனில் கூப்பிட்டேன். "இன்னிக்கித் தீவனம் வராதுங்க. நான் தப்பாக் கலந்துட்டேனோன்னு பயமா இருக்கு."

மணி எட்டுகூட ஆகவில்லை. காலையிலேயே சொல்லிவிட்டேன், மச்சான்.