கேட்டில் சொன்ன பொய்

பெங்களூருக்குத் திரும்பும் வழியில், அக்காவிடம் சொல்லிக்கொண்டு போகலாமென்று தாயில்பட்டியில் அவள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி கேட் வரைக்கும் பைக்கை உறுமவிட்டபடி வருகிறேன். வெளியே மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பெண்களில் ஒருத்தி எழுந்து ஓடிவருகிறாள்.

“அணைங்க முதல்ல. கொதிக்கிற சைலன்சரோட இம்புட்டுப் பக்கத்துலயா வருவீக? வெளியூரா நீங்க?”

மெயின் ரோட்டிலேயே வண்டியை அணைத்து விட்டுவிட்டு நடந்து வரவேண்டும். இந்த ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். இங்கேயே பிறந்து வளர்ந்த நான் மறந்திருக்கிறேன்.

“ஆமாங்க, பெங்களூரு. வழி தெரியாம வந்துட்டேன்.”

சொன்ன பிறகுதான் பார்க்கிறேன். கேட்டுக்கு உள்ளே தொட்டித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து நிற்கிறாள். முழங்கை வரை அலுமினியப் பொடி மின்னுகிறது. என்னையே பார்த்தபடி கேட்டருகே வந்து, அவளே வழி சொல்கிறாள்.

“வந்த வழியே நேராப் போங்க சார், சாத்தூர் ரோடு வந்துரும். ஸ்டார்ட் பண்ணாதீக, மெயின் ரோடு வரைக்கும் தள்ளிட்டே போங்க.”

தள்ளுகிறேன். விடிகாலையில் வேலைக்குக் கிளம்புமுன் அவள் எனக்காகக் கட்டி வைத்த புளிச்சோறு, ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டே வருகிறது.