கல்லு மாதிரி அடிக்கணும்

சைக்கிளுக்குக் காற்றடிக்கிற தொழிலில் வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரும் நிபுணர்கள். ஒன்றும் தெரியாதவன் அடிக்கிறவன் மட்டும்தான். பம்பின் இரண்டு தகட்டிலும் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து ஏறி இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், தூத்துக்குடி கடற்கரைக்குப் போகிற ரோட்டில் நான் ஒரு சைக்கிள் கடை வைத்திருந்தேன். கடை என் பேரில் இருந்தது. தொழில் தெரிந்தவர் கூட இருந்த சூசை அண்ணன். பஞ்சர் ஒட்டுவது அவர், பம்பு அடிப்பது நான்.

அசைவக் காற்று

பம்புக்குள் ஒரு தோல் வாசர் உண்டு. அது காய்ந்துபோனால் கைப்பிடி மட்டும் ஏறி இறங்கும், டயருக்குள் ஒன்றும் போகாது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் அது அடிக்கடி காயும். தேங்காய் எண்ணெய் விட்டு ஊற வைப்போம். யுத்தத்தில் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு. “தலைக்கே இல்ல, பம்புக்கு எங்க போக?” என்று என் வீட்டுக்காரி கையை விரித்துவிட்டாள். சூசை அண்ணன் கடற்கரைக்குப் போய், தோணிப் பலகைக்குப் பூசுகிற சுறா எண்ணெயை ஒரு சிரட்டையில் வாங்கி வந்தார். வாசர் வெண்ணெய் மாதிரி குழைந்துவிட்டது. இவ்வளவு நாள் இது தோன்றவில்லையே என்று நான் வருத்தப்பட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. சாயர்புரத்துக்குத் தங்கை வீட்டுக்குப் போகிற வாத்தியார் ஒருவர் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, வெங்காயம்கூடச் சேர்க்காதவர். காற்று கொஞ்சம் அதிகம் என்று அவரே குனிந்து வால்வைத் தளர்த்தினார். உஸ்ஸென்று வந்தது முழுக்க அவர் முகத்தில். மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போய், தலை முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு திரும்பி வந்து சொன்னார்: “இந்தக் காத்தை எறக்கி விட்டுட்டு வேற காத்து அடியும் வே. கவிச்சி மேல உக்காந்து தங்கச்சி வீட்டுக்குப் போக முடியாது.”

தண்ணீருக்குள் சுலபம்

கடலில் முங்கிச் சங்கு எடுக்கிற லாசர் அண்ணன் வாடகைக்கு ஒரு வண்டி எடுக்க வந்தார். நெஞ்சு அகலம் கதவு அகலம். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துச் சிரித்தார். “ஒரு முங்கு முங்கினா நூறு எண்ணுத வரைக்கும் அடியில கெடப்பேன். குடும் அத” என்று பம்பை வாங்கிக்கொண்டார். ரோட்டில் போனவர்கள் நின்றார்கள்.

மூச்சை அடக்கிக்கொண்டுதான் ஆரம்பித்தார். இருபது அடி வரைக்கும் கைப்பிடி பறந்தது. முப்பதில் முகம் சிவந்தது. நாற்பதில் கண் பிதுங்கியது. ஐம்பதில் பம்பை விட்டுவிட்டு என் ஸ்டூலில் உட்கார்ந்தார். சூசை அண்ணன் தண்ணீர் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு, கூட்டம் கலைந்த பிறகு, என்னிடம் மட்டும் சொன்னார்: “கடலுக்குள்ள மூச்சப் பிடிச்சாப் போதும் தம்பி. இங்க விடவும்லா தெரியணும்.”

குழிக்குள் முதல் ஆள்

அக்கரையில் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டானென்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். பாதிப் பேர் ஸ்ரீவைகுண்டம் பக்கம் சொந்தக்காரர் வீடுகளுக்கு மூட்டை கட்டிவிட்டார்கள். எங்கள் கடைக்கு எதிரிலும் ஒரு பதுங்கு குழி வெட்டியிருந்தது. அன்று போலீஸ் ஏட்டையா வந்தார். டயரைக் கட்டைவிரலால் அமுக்கி, “பத்தாதுலே, அடி. கல்லு மாதிரி இருக்கணும்” என்றார். டயர் பழசு, தாங்காது என்றேன். “அடின்னா அடி.” அடித்தேன். வண்டியைப் பக்கத்துக் காப்பிக்கடை வாசலில், நல்ல உச்சி வெயிலில் நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

கால் மணி நேரம் கழித்து டமார் என்று ஒரு சத்தம். காப்பிக்கடை காலியாகிவிட்டது. குழிக்குள் விழுந்தவர்களில் முதல் ஆள் ஏட்டையா. அவர் மேல் மூன்று பேர். ஆகாயத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்து, மீசையெல்லாம் மண்ணோடு ஏறி வந்தார். அப்புறம்தான் தன் வண்டியைப் பார்த்தார். பின் டயர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து கிடந்தது.

அவர் என் கடையைப் பார்த்து நடந்து வந்த வேகத்தில், இன்றைக்கு லாக்கப்பில்தான் சாப்பாடு என்று முடிவு செய்துகொண்டேன். என் கையில் இன்னும் பம்பு இருந்தது. மறைக்கக்கூடத் தோன்றவில்லை. “புரளி கிளப்பினதுக்கு உன்ன உள்ள வைக்கேன் பாருலே” என்றார். சூசை அண்ணன் பஞ்சர் தொட்டியிலிருந்து தலையைத் தூக்காமல் நிதானமாகக் கேட்டார்: “வையுங்க ஏட்டையா. ஆனா மொதல்ல குழியில குதிச்சது யாருன்னும் ரிப்போர்ட்டுல எழுதணும்லா?”

தையல் பிரியக்கூடாது

ஏட்டையா கோபம் தணிந்துவிட்டது, டயர்தான் இல்லை. ரப்பரெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். புது டயருக்குப் பெர்மிட் எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். அடித்தவன் நான் என்பதால் எனக்கு மனது கேட்கவில்லை. சூசை அண்ணன் அந்த டயரைத் தோணிப் பாய் தைக்கிறவரிடம் கொண்டுபோனார். அவர் பாய்த் துணியை நாலு மடிப்பாக உள்ளே வைத்து, பாய் நூலால் தைத்துக் கொடுத்தார். பலமான தையல். ஆனால் அந்த இடம் மட்டும் ஒரு முட்டி அளவுக்குப் புடைத்திருந்தது. ஏட்டையா ஏறிப் போனால் டொக், டொக் என்று தெருக்கோடி வரை கேட்கும்.

பத்து நாள் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் பனையோலையில் சுற்றிய சீலா மீன் ஒன்றைக் கடையில் வைத்தார். எதற்கு என்று கேட்டேன். உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்குப் பின்னால் காசு வைத்துச் சீட்டாடுகிறவர்கள் கொடுத்தனுப்பியதாம். “முன்னெல்லாம் ஏட்டையா வந்து நின்ன பொறவுதான் தெரியும். இப்ப முக்கு திரும்பும்போதே தெரிஞ்சிருது. அந்தத் தையல் பிரியாமப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி.”

நர்ஸம்மாவின் அவசரம்

ஊரில் சைக்கிள் விடுகிற ஒரே பெண் ஆஸ்பத்திரி நர்ஸம்மாதான். ஒரு மத்தியானம் வண்டியை உருட்டிக்கொண்டே ஓடி வந்தாள். வடக்கே மீன்பிடிக் குப்பத்தில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி, தலைப்பிரசவம். உடைமுள் குத்தி இரண்டு டயரும் படுத்துவிட்டன. எங்கள் வாடகை வண்டிகள் எல்லாம் வெளியே போயிருந்தன. சூசை அண்ணன் இரண்டு டியூபையும் ஒரே இழுப்பில் வெளியே எடுத்தார். ஒட்டி முடித்தார். நான் நாலு அடி அடிப்பதற்குள் பம்பு பொக்கென்று போய்விட்டது. பிரித்துப் பார்த்தால் வாசர் காய்ந்து சுருண்டிருக்கிறது. சுறா எண்ணெய்கூட ஒரு சொட்டு இல்லை.

நர்ஸம்மா மருந்துப் பெட்டியைத் திறந்து வாஸலின் களிம்பு டப்பாவை நீட்டினாள். பூசி மாட்டினேன். மாட்டியதும் என்னைத் தள்ளிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே தகட்டில் ஏறி நின்றாள். ரோடு முழுக்க வேடிக்கை. அடித்துக்கொண்டே, “நிக்குற ஆளுக ஆளுக்குப் பத்து அடி அடிங்க” என்றாள். அடித்தார்கள். காப்பிக்கடைக்காரர், வண்டிக்காரர், யாரோ ஒரு கப்பல் கம்பெனிக் குமாஸ்தா. அவள் ஏறிப் போன பிறகு எங்களுக்கு வேலையே ஓடவில்லை. தாமதம் எங்களால்தானே என்று நானும் சூசை அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

வெயில் தாழ்ந்து திரும்பி வந்தாள். இறங்காமல், ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு சொன்னாள்: “ரெண்டு உசுரும் சொகம். நான் போய்ச் சேருறதுக்கு முன்னயே பிள்ள வந்துட்டு. பொம்பளப் பிள்ள, ஒங்க பம்ப நம்பல.”

எத்தனையோ டயரை நிமிர்த்திவிட்டேன். என் முதுகை நிமிர்த்தத்தான் இன்றுவரை ஒரு பம்பும் அகப்படவில்லை.