மாமா ஏறாத கணவாய்

என் அக்காவின் கணவருக்கு நாற்பதைத் தாண்டிய பிறகு மலை மேல் ஆசை வந்தது. கும்மிடிப்பூண்டியில் மலை கிடையாது. எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். மாமாவும் அவருடைய சைக்கிள் குழுவும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்தப் பாலத்தில் ஏறி இறங்கி, திரும்பி வந்து மறுபடியும் ஏறி இறங்கி, இமயமலைக்குத் தயாரானார்கள். கீழே டீக்கடையில் நின்றவர்கள், இவர்கள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்று நினைத்திருக்கக்கூடும்.

மாமா சிப்காட்டில் ஒரு கம்பெனியின் நிர்வாக மேலாளர். திருவாலங்காட்டுப் பக்கம் அவருக்கு நெல் வயல் உண்டு. அந்த வரப்பில் நடந்தால் முட்டி வலிக்கிறது என்று சொல்லி அதைக் குத்தகைக்கு விட்டிருந்தார். அதே முட்டியோடுதான் மணாலியிலிருந்து லே வரைக்கும் சைக்கிளில் போகப் போவதாக அறிவித்தார். வழிகாட்டி உண்டு, கூடாரம் உண்டு, சமைத்துப் போட ஆள் உண்டு, பின்னாலேயே லாரி வரும். நாம் மிதித்தால் போதும்.

அக்கா என்னைக் கூப்பிட்டாள். நான் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸில் இருக்கிறேன். தினமும் வேலைக்குச் சைக்கிளில் போகிறவன் என்பதற்கு மேல் எனக்கும் அந்தப் பயணத்துக்கும் சம்பந்தம் இல்லை.

"நீ கூடப் போனாதான் நான் அவர அனுப்புவேன்" என்றாள். "இங்க ஏணி மேல ஏறி லைட்டு மாட்டவே நான் புடிச்சிக்கினு நிக்கணும். அங்க யாரு புடிப்பா?"

அப்படித்தான் நான் இமயமலைக்குப் போனேன். ஏணி பிடிக்க.

மணாலியில் குழு சேர்ந்தது. பெரும்பாலோர் பெங்களூர் கம்ப்யூட்டர்காரர்கள். அவர்கள் மலையைப் பார்த்து நான் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதயம் எத்தனை முறை துடிக்கிறது, ராத்திரி எவ்வளவு ஆழமாகத் தூங்கினோம் என்று ஒருவருக்கொருவர் ஒப்பித்துக்கொண்டார்கள். நன்றாகத் தூங்கினோமா இல்லையா என்பதைக்கூடக் கடிகாரம் சொன்னால்தான் நம்பினார்கள்.

வழிகாட்டி கோயம்புத்தூர்க்காரர். கம்பெனி வேலையை உதறிவிட்டு மலைக்கு வந்தவர் என்று அவரே அறிமுகம் செய்துகொண்டார். பிறகு ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டின்போதும் மறுபடி அறிமுகம் செய்துகொண்டார். அவருக்கு எல்லாமே மனசுதான். மூச்சு வாங்கினால் மனசு. தொடை பிடித்துக்கொண்டால் மனசு. எனக்கு செயின் கழன்றபோதும் "மொதல்ல மனச அமைதியாக்குங்க" என்றார். நான் செயினை மாட்டிக்கொண்டேன்.

மலையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? பெரியது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. வெறுமையும் பழுப்பும் பனியுமாக அது பாட்டுக்கு இருந்தது. அதன் முன்னால் நின்று நாங்கள் செய்ததுதான் சகிக்கவில்லை. சாலை போடும் வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த ஆண்களும் பெண்களும், முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு அந்தக் குளிரில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழுவினர் அவர்களைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் தன் பையிலிருந்து புரதச் சத்து மிட்டாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வாங்கிய பெண் அதைப் பிரிக்காமல் புரட்டிப் பார்த்தாள். எங்கள் தொழிற்சாலையில் வடநாட்டு ஆட்களோடு பேசிப் பழகியதில் எனக்கு இந்தி ஓரளவு வரும். அவள் என்னிடம், வண்டி கெட்டுப்போய்விட்டதா, அதனால்தான் சைக்கிளில் வருகிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதைவிடச் சுலபமான பதில் எனக்குத் தெரியவில்லை.

மாமா ஆரம்பத்தில் பிரமாதமாகத்தான் இருந்தார். லாரியில் ஏறிக்கொள்ளும்போதெல்லாம், வழியில் யாராவது விழுந்துவிட்டால் தூக்கிப்போட ஒரு ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னார். ஊர் நெருங்கும்போது இறங்கி, மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வழிகாட்டி கை தட்டினார். மாமா கையை உயர்த்தி அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டார். வெட்கம் என்பது உடம்பில் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும், மாமாவுக்கு அந்த இடத்தில் வேறு ஏதோ வளர்ந்திருந்தது.

மழையில் பாதை அடைபட்டு, எங்களுக்கு ஒரு நாள் வீணாகப் போனது. அதை ஈடுகட்ட வழிகாட்டி ஓய்வு நாளை ரத்து செய்துவிட்டார். உயரத்துக்கு உடம்பு பழகுவதற்காக என்று ஆரம்பத்தில் அவரே அரை மணி நேரம் பிரசங்கம் செய்த அதே ஓய்வு நாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் திரும்பிப் போகும் விமானம் இருந்தது.

பாரலாச்சா கணவாய்க்குக் கீழே கூடாரம் போட்டோம். மாமா சாப்பிடவில்லை. சாப்பிடாத மாமாவை நான் அதுவரை பார்த்ததில்லை. தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாந்தி எடுத்தார். வழிகாட்டி பூண்டு சூப் கொடுக்கச் சொன்னார். அதையும் வாந்தி எடுத்தார்.

விடிந்ததும் எல்லோரும் கிளம்பி நின்றார்கள். மாமா ஹெல்மெட்டின் வாரை மாட்டப் பார்த்தார். விரல்கள் வாரைத் தேடின. வார் தாடைக்குக் கீழேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் மாட்டிவிட்டேன். எழுந்து நடந்தவர் குடித்தவரைப்போலப் பக்கவாட்டில் போனார். போய் ஒரு கூடாரத்துக் கயிற்றில் இடறி நின்று, என்னைப் பார்த்து, "கேன்டீன்ல சாம்பார் தீஞ்சி போச்சாமே, எவன் பொறுப்பு?" என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

வழிகாட்டியிடம் போனேன். "மாமாவ கீழ கூட்டிக்கினு போவணும். லாரி வேணும்."

"அவசரப்படாதீங்க. மெதுவா ஏறலாங்க. மேல போய் ஒரு குரூப் போட்டோ எடுத்தா அவரே தெம்பாயிருவாருங்க. இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டதுங்க."

"அவருக்கு நான் யாருன்னே தெரியல. இன்னா மனசு?"

"இருக்கறது ஒரே லாரிங்க. கூடாரம், சமையல் சாமான் எல்லாம் அடுத்த கேம்ப்புக்குப் போகணும். ஒருத்தருக்காக எல்லாரையும் நிறுத்த முடியுங்களா?"

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மனதை அமைதியாக வைத்துக்கொண்டுதான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் கையுறையைச் சரிசெய்துகொண்டார்கள். தங்கள் தூக்கத்தின் ஆழம் வரை அறிந்த அந்த மனிதர்களில் ஒருவருக்குக்கூடப் பக்கத்தில் ஒருவர் தடுமாறி நிற்பது கண்ணில் படவில்லை.

லாரி டிரைவர் வண்டியின் முன்னால் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் மாமாவை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பீடியை எறிந்துவிட்டு, வண்டியின் பின்கதவைத் திறந்து கூடாரங்களைச் சாலையோரம் இறக்கி வைக்க ஆரம்பித்தார். நானும் ஏறி இறக்கினேன். வழிகாட்டி கத்திக்கொண்டே ஓடி வந்தார். அவர் மனசு அமைதி இழந்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். குழுவிலிருந்தும் ஒருவர் ஓடி வந்தார். உதவி செய்ய வருகிறார் என்று நினைத்தேன். "ஒரு நிமிஷம், அந்த நீலப் பையில என் சார்ஜர் இருக்கு" என்றார்.

பையை அவர் காலடியில் போட்டேன். மாமாவை முன் சீட்டில் ஏற்றி, நான் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். அவசரத்துக்கு என்று லாரியில் வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்து அவர் மூக்கில் பொருத்தினேன். அதில் காற்று வந்ததா இல்லையா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

வழியெல்லாம் மாமா என் கையை விடவில்லை. "நைனா, நைனா" என்று தன் அப்பாவைக் கூப்பிட்டார். அவர் இறந்து வருஷங்கள் ஆகின்றன. ஒரு வளைவில் திடீரென்று தெளிந்தவர்போல என் முகத்தைப் பார்த்து, "உங்கக்காகிட்ட சொல்லாதடா மச்சான்" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அந்த வழி முழுக்க அவர் மேல் எனக்கு எந்தக் கசப்பும் இல்லை. பெரிய உடம்போடு ஒரு குழந்தை என் தோளில் சாய்ந்திருந்தது. சாகாமல் இருந்தால் போதும் என்று மட்டும்தான் இருந்தது.

கீழே கேலாங் என்ற ஊரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நல்ல ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். இன்னும் மேலே கூட்டிப் போயிருந்தால் திரும்பியிருக்க மாட்டார் என்று டாக்டர் அம்மா சொன்னார். டிரைவர் வாசலிலேயே காத்திருந்து, மாமா கண் விழித்துப் பேசினார் என்று கேட்ட பிறகுதான் கூடாரங்களை ஏற்றிப்போகத் திரும்பினார்.

மறுநாள் காலையில் மாமா நாஷ்டாவுக்கு ஆம்லெட் கேட்டார். இரண்டாவது ஆம்லெட்டின் நடுவில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ பயந்துட்ட மச்சான்."

"இன்னா மாமா?"

"நேத்து. கொஞ்சம் தலவலி, அவ்ளோதான். நீ பேஜாரு பண்ணி கீழ இட்டாந்துட்ட. உட்டிருந்தா ஏறியிருப்பேன்."

ஆம்லெட்டை அவர் தட்டில் இருந்து எடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நேற்று என் தோளில் சாய்ந்திருந்தவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவேயில்லை.

மணாலிக்குத் திரும்பியதும் பயண அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் பதக்கம் கொடுத்தார்கள். கணவாயில் ஏறியவர்களுக்கும் ஏறாதவர்களுக்கும் ஒரே பதக்கம். நான் வேண்டாம் என்றேன். மாமா இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

ஊருக்கு வந்ததும் சைக்கிள் குழு கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தது. வாசலில் பேனர். அதில் மாமா பனிமலைக்கு முன்னால் நின்றார். அது மணாலி ஓட்டலின் மொட்டை மாடி. பூந்தொட்டியை மட்டும் வெட்டியிருந்தார்கள். அக்காவும் நானும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

மாமா மைக்கைப் பிடித்தார். காற்றில்லாத உயரம், எலும்பைத் துளைக்கும் குளிர், மனசின் வலிமை என்று பேசினார். வழிகாட்டியின் வார்த்தைகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தன. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கணவாய்க்குக் கொஞ்ச தூரம்தான் இருந்துது. அப்ப என் மச்சானுக்கு முடியல. வாந்தி, மயக்கம், ஆளே தெரியல அவனுக்கு. எல்லாரும் மேல போவலாம்னாங்க. எனக்குச் சிகரம் முக்கியமா, உறவு முக்கியமா? தோள்ல தாங்கிக்கினு கீழ எறங்கினேன்."

மண்டபம் கை தட்டியது. நான் எழுந்து நின்றேன்.

"மாமா, ஆக்சிஜன் யாரு மூக்குல வெச்சது?"

கைதட்டல் நின்றது. மாமா என்னை வருத்தத்தோடு பார்த்தார். அந்த வருத்தத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"பாருங்க, பாவம்" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "அன்னிக்கு நடந்தது எதுவுமே அவனுக்கு நெனவில்ல. மூளைக்குக் காத்து போவலன்னா அப்படித்தான் ஆவுமாம். அதனாலதான் சொல்றேன், மலைய சாதாரணமா நெனைக்காதீங்க."

முன்பைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். பின் வரிசையிலிருந்து யாரோ ஒருவர் எட்டி என் தோளைத் தட்டி, "இப்ப உடம்பு பரவால்லயா தம்பி?" என்று கேட்டார். நான் உட்கார்ந்தேன். பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்ததால் அதற்கு மேல் யாருக்கும் உண்மை தேவைப்படவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது மாமா கார் ஓட்டினார். மாலை இன்னும் கழுத்தில் இருந்தது. நான் பின்னால் இருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மயக்கம் இவனுக்கு. டிரிப்ஸ் ஏத்துன வீக்கம் மட்டும் எப்படி உங்க கையில வந்துச்சு? வந்த அன்னிக்கு ஒத்தடம் குடுத்தது நான்தான?"

மாமா கியரை மாற்றினார். "லாரி வருது. பேசாம வா."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். பாராட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"உனக்கு அறிவில்ல? அவர் ரீல் சுத்தறது இன்னைக்கு நேத்தா? நாலு பேர் எதுர எழுந்து நின்னு கேக்கற. அந்தாளு மானம் போனா நாளைக்கி கடைத்தெருவுல நடக்கப் போறது யாரு? நீயா?"

அவளிடமிருந்து இப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை. மாமாவைப் பார்க்கும்போதுகூட அவள் கண்ணில் கொஞ்சம் சலிப்பு மட்டும்தான் இருந்தது. என்னைப் பார்த்ததில் அதைவிட அதிகம் இருந்தது.

பஸ் நிலையத்தருகே இறக்கிவிடச் சொன்னேன். நிறுத்தினார். அக்கா கண்ணாடியை இறக்கி, பிரியாணிப் பொட்டலம் ஒன்றை நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். பசி இருந்தது.

இப்போது மாமா புதிதாக மலைக்குப் போகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சைக்கிள் ஓட்டுவதில்லை. பாலத்தின் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஏறி இறங்குகிறவர்களுக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுக்கிறார். அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்ந்துவிட்டது. போன வாரம் அந்த வழியாக வேலைக்குப் போன என்னை நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி, "நீயும் வர்றியா மச்சான்? இந்தத் தடவ பயப்படாத, நான் பாத்துக்கறேன்" என்றார்.

"ஷிப்ட் இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.