உதவித்தொகைக்கு எடுத்த படம்

இந்த நினைவு மலரின் மேலட்டையைப் பார்த்ததும் உறவினர்கள் சிலருக்குச் சந்தேகம் வந்திருக்கும். பட்டுப்புடவை, கழுத்தில் தடித்த செயின், பின்னால் சிவப்பு ஃபிரிட்ஜ். மந்தைவெளியில் தெருத்தெருவாக மீன் விற்ற அம்மாவுக்கு இதெல்லாம் எப்போது வந்தது என்று கேட்பீர்கள். கேட்பது நியாயம்தான். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது திருவல்லிக்கேணிக் கடற்கரையை ஒட்டிய குப்பத்தில். ஐந்தாவது வரை படித்தார். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்ததால் அதோடு நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகிப் பட்டினப்பாக்கம் வந்தார். எனக்கு ஏழு வயதாகும்போது அப்பா மஞ்சள் காமாலையில் காலமானார். அடுத்த மாதமே அம்மா மீன் கூடையைத் தலையில் தூக்கிவிட்டார். பேரம் பேசுகிறவர்களிடம் அவருக்குப் பொறுமை கிடையாது. "வோணும்னா வாங்கு, இல்லாங்காட்டி கருவாடு துன்னுக்கினு இரு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நாலு வீடு தாண்டுவதற்குள் அவர்களே கூப்பிடுவார்கள். அம்மா கோபக்காரர். நானும் அப்படித்தான்.

பன்னிரண்டாம் வகுப்பில் எனக்கு நல்ல மதிப்பெண் வந்தது. கல்லூரியில் இடமும் கிடைத்தது. தி. நகரில் ஓர் அறக்கட்டளை ஏழை மாணவிகளுக்கு மூன்று வருடமும் உதவித்தொகை தருவதாகப் பள்ளியில் சொன்னார்கள். அது கிடைத்தால் கல்லூரி, கிடைக்காவிட்டால் துணிக்கடை வேலை. வீட்டில் வேறு வழி பேசப்படவே இல்லை.

விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியவை ஒரு பக்கம் நீளத்துக்கு இருந்தன. வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், குடும்ப அட்டை நகல், தலைமையாசிரியையின் கடிதம், இன்னும் என்னென்னவோ. இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். அவற்றை அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவாமல் அந்த டின்னைத் தொட மாட்டார். "மீன் வாட அட்சா சீட்டு தரமாட்டானுங்கோ" என்பார்.

கடைசியில் பாக்கி இருந்தவை இரண்டு: தலைமையாசிரியையின் கடிதமும், பெற்றோர் இருக்கும்படி வீட்டின் உட்புறத்தைக் காட்டும் புகைப்படமும். "போட்டோ என் பொறுப்பு, நீ போயி டீச்சராண்ட லெட்டர வாங்கிக்கினு வா" என்றார் அம்மா. எதற்காகப் படம் கேட்கிறார்கள் என்று நான் விளக்கவில்லை. அவருக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன். மறுநாள் கடைசித் தேதி, எனக்கோ காய்ச்சல். வீட்டுக்கு வந்து எடுத்த ஸ்டுடியோக்காரரிடம் போகிற வழியில் படத்தை வாங்கிக் கவரில் வைத்து, அம்மாவே தி. நகரில் கொடுத்துவிட்டு வந்தார்.

நேர்காணலுக்கு இருவரையும் அழைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த பெரியவர் படத்தை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். நான் அப்போதுதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். இதே மேலட்டைப் படம்.

"இது யார் வீடும்மா? விண்ணப்பத்துல ஒண்ணு எழுதியிருக்கு, போட்டோவுல வேற ஒண்ணு தெரியுதே."

"எங்க வூடுதான் சார்" என்றார் அம்மா. "ஃபிரிட்ஜு எதுத்த வூட்டு கன்னிம்மாது. நாலு பேரா தூக்கியாந்தோம். செயினு பக்கத்து வூட்டு ஸ்டெல்லாவுது. பொடவ மட்டும் என்னுது, கல்யாணப் பொடவ."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"நீங்கதான சார் போட்டோ கேட்டீங்கோ? நாலு பேரு பாக்குற போட்டோவுல நல்லாத்தான நிக்கணும்?"

பெரியவர் சிரிக்கவில்லை. அந்தப் பொருள்கள் எங்களுடையவை அல்ல என்று ஆதாரத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும், வேறு படமும் வேண்டும் என்றார். ஒரு வாரம் அவகாசம் தந்தார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். "மானத்த வாங்கிட்ட. உன்ன கூட்டிக்கினு வந்ததே தப்பு." சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். மற்ற நாளாக இருந்தால் பதிலுக்குப் பத்து வார்த்தை வந்திருக்கும். அன்று அம்மா பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு ஜன்னலைப் பார்த்தபடி, "இல்லாத வூட்ட போட்டோ புடின்னா இன்னாத்தன்னு புடிக்கிறது?" என்றார். நான் காதில் வாங்காததுபோல் இருந்தேன்.

ஏழைகள் என்று நிரூபிப்பதற்கு அந்த வாரம் நாங்கள் சேர்த்த ஆதாரங்கள் வேறு எந்த விண்ணப்பத்திலும் இருந்திருக்காது. கன்னிம்மா அக்கா ஃபிரிட்ஜ் வாங்கிய பில்லைத் தேடி, ஜெராக்ஸ் எடுத்துத் தந்தார். ஸ்டெல்லா அக்கா, "இன்னாடி கூத்து இது, என் செயினு என்னுதுன்னு நானே எயுதிக் குடுக்கணுமா?" என்று சிரித்துக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

புதுப் படத்தை நானே செல்லில் எடுத்தேன். கொடியில் கிடந்த துணி, அரிசி டிரம், மூலையில் மீன் கூடை, பழைய நைட்டியில் அம்மா. "சிரிக்காத" என்று சொன்னேன். சொன்னது நான்தான். "வூட்ட எடுத்துக்கோ, கூடைய எடுத்துக்கோ, என் மூஞ்சி வாணாம்" என்று அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முதுகைத்தான் அறக்கட்டளைக்குக் கொடுத்தோம். உதவித்தொகை கிடைத்தது. தகவல் வந்த அன்று அம்மா வழக்கம்போல மந்தைவெளிக்குப் போனார். வாங்கியவர்களுக்கெல்லாம் கூடுதலாக ஒரு கை நெத்திலி அள்ளிப் போட்டாராம்.

நான் வணிகவியல் படித்து முடித்து, அடையாறில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அதன் பிறகும் அம்மா கூடையை விடவில்லை. சர்க்கரை நோயில் காலில் புண் வந்து நடக்க முடியாமல் போனபோதுதான் உட்கார்ந்தார். மருத்துவமனையில் இருந்த கடைசி நாட்களிலும், சாப்பாடு கொண்டு வந்தவர்களிடம் மீன் பழையது என்று சண்டை போட்டார். சென்ற ஆண்டு இதே நாளில் எங்களை விட்டுப் போனார்.

மேலட்டைக்கு ஒரு படம் வேண்டும் என்று என் செல் முழுக்கத் தேடினேன். நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாவற்றிலும் அம்மா பாதி முகமாகவோ முதுகாகவோதான் இருந்தார். நான் செல்லைத் தூக்கினாலே திரும்பிக்கொள்வார். கூச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது எந்த நாளில் தொடங்கியது என்று எனக்குத் தெரியும்.

பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்தேன். அடியில் பிளாஸ்டிக் கவரில் அந்த ஸ்டுடியோ படத்தின் இன்னொரு பிரதி, கசங்காமல். அம்மா நேராகப் பார்த்துச் சிரிக்கிற ஒரே படம். மகள் கல்லூரிக்குப் போகப்போகிறாள் என்று சிரித்த சிரிப்பு அது. பஸ் ஸ்டாப்பில் பேசியதற்கு நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மா, தப்பு என்னுடையது.

அச்சகத்தில், "பின்னாடி இருக்குற ஃபிரிட்ஜ எடுத்துட்டு பூ போட்டுடலாமா மேடம்?" என்று கேட்டார்கள். வேண்டாம், எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

மருத்துவமனையில் மாறி மாறித் துணைக்கு இருந்த பட்டினப்பாக்கத்துச் சொந்தங்களுக்கும், அம்மா படுத்த பிறகும் விசாரிக்க வந்த மந்தைவெளி வீடுகளுக்கும், அறக்கட்டளையின் பெரியவருக்கும், ஃபிரிட்ஜ் தந்த கன்னிம்மா அக்காவுக்கும் எங்கள் நன்றி. படத்தில் அம்மா கழுத்தில் இருக்கும் செயின் ஸ்டெல்லா அக்காவுடையது. படம் எடுத்த அன்றே அதைக் கழற்றி, எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துக் கழுவி, திருப்பிக் கொடுத்துவிட்டார்.