மூன்றாவதாக வந்தவள்

சனிக்கிழமை மதியம் மாட்டுத்தாவணியில் செங்கோட்டைப் பேருந்து கிளம்பியபோது மதுரையில் நல்ல வெயில். தென்காசிக்கு நூற்று அறுபது கிலோமீட்டர்ப் பக்கம் வரும். டிக்கெட் நூற்று ஐம்பது ரூபாய்க்குள் முடிந்தது. பெரும்பாலோர் அருவியில் குளிக்கப் போகிறவர்கள். எண்ணெய்ப் பாட்டிலும் துண்டுமாக ஒரு குடும்பம் பின் வரிசையை முழுக்க நிறைத்திருந்தது. நாங்கள் இருவர் மட்டும் ஓட்டப் பந்தயத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஓடப் போவது கயல். நான் துணைக்கு.

நான் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். சர்க்கரை ஏறிவிட்டது, நடங்கள் என்று மருத்துவர் சொன்னதால் காலையில் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். அங்கேதான் கயல் பழக்கம். கூரியர் கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலை அவளுக்கு. கல்லூரிக் காலத்தில் ஆண்கள் அணியில் ஐயாயிரம் மீட்டர் ஓடியவள். ஒருமுறைகூட மேடை ஏறியதில்லையாம். பிறகு வீட்டை விட்டு வந்து, சிகிச்சை எடுத்து, பெயரை மாற்றிக்கொண்டு, நடுவில் நின்றுபோன ஓட்டத்தைத் திரும்பத் தொடங்கியிருந்தாள். பெண்கள் பிரிவில் அவள் ஓடப்போகும் முதல் பந்தயம் இது. பத்து கிலோமீட்டர்.

பெயர் கொடுக்கும்போதே தான் திருநங்கை என்று நடத்துபவரிடம் போனில் சொல்லியிருந்தாள். அவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். "ஆதார் கார்டுல பெண்ணுன்னு போட்டிருக்குல்லா? பொறவு என்ன, தாராளமா வாங்க" என்று சொன்னாராம். அந்த ஒரு வரியை வாரம் முழுக்க என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ராஜபாளையம் தாண்டியதும் வலது பக்கம் மலை கூடவே வரத் தொடங்கியது. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி. வெயில் மெல்ல மங்கி, கடையநல்லூரில் ஜன்னல் கம்பியில் சாரல் ஒட்டியது. பின் வரிசைக் குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். கயல் கையை வெளியே நீட்டி நனைத்து முகத்தில் தடவிக்கொண்டாள். "இந்தக் குளிர்ச்சியில நல்லா ஓடலாம்க்கா" என்றாள்.

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் அறை கேட்பதே வீண். தென்காசியில் ரயில் நிலையம் பக்கம் ஒரு விடுதியில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு இடம் கிடைத்தது. சுவரெல்லாம் ஈரம். போர்வையிலும் ஈர வாடை.

ஞாயிறு காலை இன்னும் சரியாக விடியவில்லை. ஆட்டோக்காரர் எங்கள் காலணிகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஓட்டத்துக்கா? ரெண்டு பேரும் ஓடுதியளா?"

"இவ ஓடுவா. நான் பை தூக்குவேன்" என்றேன்.

"எங்க ஊர்க் காத்துல ஓடுனா களைப்பே தெரியாது, பாத்துக்கிடுங்க. ஜெயிச்சுட்டு வாங்க" என்று அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

மைதானத்தில் பந்தல், ஒலிபெருக்கி, வாழைப்பழக் கூடைகள். போட்டி நடத்தும் ஆசிரியரை எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். கயலைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "மருதையிலருந்து வந்துட்டியளா, சந்தோசம்" என்றார். நெஞ்சில் எண் எழுதிய துணியை ஊக்கால் குத்திவிட்டார்கள். பெண்கள் சுமார் நாற்பது பேர் இருப்பார்கள். மேலகரம் வழியாகக் குற்றாலம் சாலையில் போய்த் திரும்ப வேண்டும். விசில் ஊதியதும் எல்லோரும் சாரலுக்குள் போய் மறைந்தார்கள்.

நான் முடிவுக் கோட்டுப் பக்கம் நின்றேன். எனக்கு அருகில் குடையில்லாமல் நனைந்துகொண்டே நின்றவர் ராயகிரிக்காரர், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர். மகள் இசக்கி ஓடுகிறாள் என்று பெருமையாகச் சொன்னார். தோட்டத்துப் பாதையில் தினமும் ஓடுவாளாம், அவர் பைக்கில் பின்னால் போவாராம். "இதுல ஒரு பரிசு அடிச்சுட்டான்னா திருநெல்வேலில கோச்சிங் சேத்து விடுதேன்னு சொல்லியிருக்கேன். இல்லன்னா இந்த வருசத்தோட போதும்னு அவ அம்மாட்ட ஒத்துக்கிட்டேன்" என்றார். நானும் யாருக்காக வந்திருக்கிறேன் என்று சொன்னேன். மதுரைப் பெண், என் தங்கை மாதிரி என்றேன்.

முதலில் வந்த பெண் வெகு தூரம் முன்னால், தனியாக வந்தாள். இரண்டாமவள் வந்து சிறிது நேரம் கழித்து, வளைவில் இரண்டு பேர் ஒன்றாகத் தெரிந்தார்கள். ஒருத்தி ஒல்லியாக, ரெட்டைச் சடையோடு. இன்னொருத்தி கயல். ராயகிரிக்காரர் "விடாதட்டீ! விடாத!" என்று கத்தினார். நானும் கத்தினேன். மைதான வாசலில் கயல் தாண்டினாள். கோட்டைக் கடந்து சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்தவள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத முகத்தோடு என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த மகிழ்ச்சி ஒரு டீ குடிக்கிற நேரம்தான் இருந்தது.

ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்ன பிறகு யாரோ அவளை உற்றுப் பார்த்திருக்கிறார்கள். பந்தலுக்குள் பேச்சு பரவியது. ஆண்கள் பக்கமிருந்து ஒரு சீழ்க்கை வந்தது. ராயகிரிக்காரர் அண்ணாச்சியின் மேசைக்குப் போனார். அவர் கெட்ட வார்த்தை ஒன்றுகூடப் பேசவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

"நான் யாரையும் கொறச்சுப் பேசல அண்ணாச்சி. ஆம்பள ஒடம்பா வளந்து ஓடிப் பழகுனவங்களோட எம்மவ எப்படி ஓடுவா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

கயல் முன்னால் வந்தாள். "ஆறு வருஷமா மருந்து எடுக்கிறேன் சார். பழைய வேகம் எனக்கு இல்ல. முதல்ல வந்த பொண்ணு என்னை எவ்வளவு தூரம் விட்டுட்டுப் போச்சுன்னு நீங்களே பாத்தீங்க."

"மொத வந்தவளப் பத்தி எனக்கென்னம்மா? எம்மவ நாலாவது நிக்கா."

என் பக்கம் அவர் ஒருமுறை திரும்பினார். நான் எதையோ மறைத்துப் பேசிவிட்டது போன்ற பார்வை. தங்கை மாதிரி என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அண்ணாச்சி எங்களைப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். "தப்பா நெனைக்காதிய. நல்லதுன்னு நெனச்சுதான் வரச் சொன்னேன். இப்படி வரும்னு யோசிக்கல. எங்ககிட்ட இதுக்குன்னு விதி ஒண்ணும் இல்லம்மா."

"விதி இல்லன்னா நான் ஓடினது தப்பு இல்லையே சார்" என்றாள் கயல்.

"தப்பு இல்ல. ஆனா சனங்க ஒத்துக்கிட மாட்டாக. ஒரு காரியம் செய்வோம். மூன்றாம் பாலினத்துல முதல் பரிசுன்னு மேடையில தனியாக் கூப்பிடுதேன். கப்பு இருக்கு, பொன்னாடை போத்துவோம். கௌரவமா இருக்கும்."

கயல் அவரையே பார்த்தாள். "அதுல எத்தனை பேர் சார் ஓடினாங்க?"

அவர் பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஒத்த ஆளு ஓடின பந்தயத்துல நான் யாரை ஜெயிச்சேன்?"

நெஞ்சிலிருந்த எண்ணைக் கழற்றினாள். ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, துணி கிழியாமல் மடித்து அவர் கையில் கொடுத்தாள். மூன்றாம் பரிசு இசக்கிக்கு என்று சற்று நேரத்தில் ஒலிபெருக்கி சொன்னது. கைதட்டல் பலமாகத்தான் கேட்டது.

குழாயடியில் கயல் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது இசக்கி வந்தாள். பதினேழு வயதிருக்கும். கோப்பையை இடுப்புக்குப் பின்னால் பிடித்திருந்தாள்.

"கோவமாக்கா?"

"உன் மேல என்னம்மா கோவம்?"

"அப்பா சொன்னது சரியா தப்பான்னு எனக்குத் தெரியலக்கா. நீங்க என்னத் தாண்டும்போது ஒண்ணும் தோணல. ஒரு அக்கா தாண்டுதாங்கன்னு மட்டும்தான் இருந்துச்சு. எல்லாரும் சொன்ன பொறவு அப்படி நெனைக்க முடியல. அத ஒங்ககிட்டச் சொல்லணும்னு இருந்துச்சு."

கயல் குழாயை மூடினாள். "எனக்கும் தெரியாதும்மா. மருந்து என்கிட்ட இருந்து எவ்வளவு எடுத்துச்சு, எவ்வளவு விட்டு வச்சிருக்குன்னு இதுவரைக்கும் யாரும் அளந்து சொன்னதில்ல. அது தெரியிற வரைக்கும் நான் எங்க போய் ஓடணும்னும் யாரும் சொல்லல. நீ நல்லா ஓடுற. விட்டுடாத."

"நீங்க?"

"ஏட்டீ இசக்கி, நேரமாவுது வா!" என்று அப்பா கூப்பிட்டார். அவள் போனாள். நான் என் மாணவிகளுக்குத் தினமும் எதையாவது விளக்குகிறவள். அந்தக் குழாயடியில் பையிலிருந்து துண்டை எடுத்துக் கயலிடம் நீட்டியதோடு சரி.

மதுரைக்கே திரும்பிவிடலாம் என்றேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அருவியைப் பார்க்காமல் போக வேண்டாம் என்று கயல்தான் சொன்னாள். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்று எங்கள் இருவரிடமும் காசு வாங்கவில்லை. இறங்கியதும் சிப்ஸ் வாசனை, வழியெங்கும் ரம்புட்டான், மங்குஸ்தான் குவியல். கிலோ இருநூற்றைம்பது என்றார்கள். கயல் ஒன்றும் வாங்கவில்லை. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்க விடமாட்டார்கள். அன்று அளவாக விழுந்தது. நல்ல கூட்டம்.

பேரருவியில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் தடுப்பு. ஆண்கள் பக்கம் எண்ணெய் தேய்த்த முதுகுகள் வரிசையில் நின்றன. பெண்கள் பக்கம் வாசலில் நீலச் சேலை கட்டிய பணியாளர் ஒருவர் கூட்டத்தைப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தார். நான் கயலின் கையைப் பிடித்துக்கொண்டேன். யாராவது ஏதாவது சொன்னால் இந்தத் தடவை நான் பேசுவது என்று மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன்.

ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மாள் எங்களைப் பார்த்து, "வாங்க தாயி, நிக்காதிய, பொறத்தால ஆளு நிக்கி, உள்ள போங்க" என்றார். கயலின் முதுகில் கை வைத்து லேசாகத் தள்ளவும் செய்தார்.

கயல் நகரவில்லை. வாசலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தண்ணீருக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னாலிருந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். பிறகு என் தோளிலிருந்த பையை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"நீங்க போய்ட்டு வாங்கக்கா. நான் பையைப் பாத்துக்கிறேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லலையே கயல்."

"ஆமா. சொல்லுவாங்கன்னுதான் நின்னேன். சொல்லல. இருந்தாலும் கால் போக மாட்டேங்குது."

நான் குளித்தேன். அவ்வளவு பெரிய தண்ணீர் தலையில் விழும்போது எதையும் யோசிக்க முடியாது என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு அப்படி இருக்கவில்லை. ஈரத்தோடு வெளியே வந்தபோது அவள் அருவிக்கு எதிரே இருக்கும் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அருவியின் தூவானத்தில் அவளும் முழுக்க நனைந்துதான் இருந்தாள்.

சாயங்காலப் பேருந்தில் இடம் கிடைத்தது. கடையநல்லூரோடு சாரல் விட்டது. ராஜபாளையத்தில் வெக்கை வந்தது. அவள் தூங்கவில்லை. திருமங்கலத்தில் டீ குடிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

நாங்கள் போகும் மதுரை மைதானத்தில் பிரிவு எதுவும் கிடையாது. புழுதி பறக்கும், நாய்கள் குறுக்கே வரும், ஆண்களும் பெண்களும் ஒரே வட்டத்தில் சுற்றுவோம். யார் யாரைத் தாண்டுகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. திரும்பி வந்து சில நாட்கள் அவள் வரவில்லை. பிறகு வந்தாள். வழக்கம்போல ஓடுகிறாள், வழக்கம்போல என்னோடு இளநீர் குடிக்கிறாள். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. முன்னால் ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தால், அவளை நெருங்கும்போது கயல் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறாள். அந்தப் பெண் மெல்ல ஓடினால் இவளும் மெல்ல ஓடுகிறாள். சில நாள் நடந்தேவிடுகிறாள். கேட்டால், "மூச்சு வாங்குதுக்கா" என்கிறாள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை என்பது பக்கத்தில் நடக்கும் எனக்குக் கேட்கிறது.