கதவில் தொங்கிய நேற்றைய பூ

போன மார்கழியில் நான் செத்திருந்தாலும் என் அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நானேதான். மாதேஸ்வரனை நம்புகிற உங்கள் முன் மறைக்காமல் சொல்கிறேன்.

அந்தச் சாமியின் மலைப் பக்கம், ஹனூரில் எங்களுக்கு விவசாயம். நான் மைசூரு மண்டி மொஹல்லா பகுதியில் ஒற்றை அறையில் தங்கி, அங்கிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். குளிர் ஏற ஏற வெளியே போவது நின்றது. நண்பர்கள் அழைத்தால் எடுக்கவில்லை. "சாப்டாச்சா கண்ணு?" என்று அம்மா கேட்பதுகூடப் பாரமாக இருந்தது. படித்த மூளை அல்லவா, ஒரு புரோகிராம் எழுதிவிட்டேன்! காலை எட்டுக்கு "சாப்டேன்மா", மாலை ஆறுக்கு "நல்லா இருக்கேன்மா". என் போனிலிருந்து அதுவே அம்மாவுக்கு அனுப்பிவிடும். அம்மா நம்பினார்.

மார்கழி முழுக்கச் சாமி படத்துக்குப் பூ வைப்பதாக மட்டும் அம்மாவிடம் ஒத்துக்கொண்டிருந்தேன். பூக்கடை சாந்தக்காவிடம், "காலைல கதவுல மாட்டிட்டுப் போயிடுங்க, தட்ட வேணாம்" என்றேன்.

"சாமிக்குப் பூ வேணும், மனுசங்க மொகம் வேணாமா? நல்ல பக்தன்ப்பா நீ!" என்று சிரித்தார்.

பிறகு காய்ச்சல். மூன்றாம் நாள் எழ முடியவில்லை. மூச்சு இழுத்தது. போன் மேசைமேல், எட்டாத தூரத்தில். வருடக் கடைசி விடுமுறை; ஆபீஸிலும் தேட மாட்டார்கள். காலை எட்டுக்குப் போன் ஒலித்தது. அம்மாவின் பதில். அப்படியானால் நான் சாப்பிட்டதாகச் செய்தி போய்விட்டது. மாலை ஆறுக்கு மறுபடி ஒலித்தது. என் பெயரில் எவனோ நலமாக இருந்தான்.  

"மாதேஸ்வரா, யாராவது ஒருத்தர் கதவைத் தட்டணும்." அவ்வளவுதான் கேட்க முடிந்தது.

விடிந்ததும் கதவு அதிர்ந்தது.

"தம்பி! ஏனாயித்து? என்னாச்சு? நேத்துப் பூவு அப்படியே தொங்குது!"

சாந்தக்கா. வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவர் பக்கத்துக் கடைக்காரர்களைக் கூட்டிவந்து தாழ்ப்பாளை உடைத்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால், நிமோனியா. "இன்னும் ஒருநாள் போயிருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சேதி கேட்டு ஹனூரிலிருந்து முதல் பஸ்ஸில் ஓடிவந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "அப்ப இத்தன நாளா எங்கூடப் பேசுனது யாரு கண்ணு?"



புரோகிராமை அழித்துவிட்டேன். தினமும் அம்மாவிடம் வாயால் பேசுகிறேன். சாயங்காலம் சாந்தக்கா கடையில் உட்கார்ந்து கோணல்மாணலாகப் பூக் கட்டுகிறேன், திட்டு வாங்குகிறேன். எல்லாம் மாதேஸ்வரன் போட்ட உயிர்ப்பிச்சை.

இந்தக் குளிரில் தனியே கிடக்கிறவர்களே, அவனைக் கூப்பிடுங்கள். நிச்சயம் யாரையாவது அனுப்புவான். வருகிறவரிடம், தட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைக்காதீர்கள்.